மின்தடை வேளையில் இல்லப் பாதுகாப்பு

திருவனந்தபுரம் நகருக்கு மின்விளக்கு வந்தது 1929ஆம் ஆண்டில். அன்று நகரிலேயே அமைந்த சிறிய அனல் மின் நிலையம் ஒன்றே அதற்கு ஆதாரமாயிருந்தது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையமும், 1976இல் இடுக்கித் திட்டமும் இயங்கத் தொடங்கின. 2017 மே மாதத்தில் கேரளம் முழுமையாக மின்மயமான மாநிலம் என அறிவிக்கப்பட்டது. எனினும், எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் எட்டுவது வேறு. எல்லா வேளையிலும் அது இடையறாது கிடைப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சில மணி நேரங்களை ஒரு குடும்பம் எவ்வாறு பாதுகாப்பாகக் கடப்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடையின் காரணங்கள்

மின்தடை வேறு, மின்வெட்டு வேறு. தேவைக்கு ஏற்ற உற்பத்தி இல்லாதபோது திட்டமிட்டு நிறுத்துவது மின்வெட்டு. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த கேரளம், மழை பொய்த்த 1980களில் இதனை நன்கு அறிந்திருந்தது. கோடையின் கடுமையால் 2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தபோது, சில பகுதிகளில் கட்டுப்பாடுகள் மீண்டும் தேவைப்பட்டன.

மின்தடையோ பெரும்பாலும் இயற்கையின் விளைவு. இடவப்பாதி, துலாவருஷம் என ஆண்டுக்கு இரு பருவமழைகளும், அவற்றுக்கு முன்னும் பின்னும் பிற்பகல் இடிமழையும் பெறும் ஊர் இது. தென்னையும் பலாவும் மின்கம்பிகளின் மேல் கவிந்து நிற்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இக்கரையையும் அண்டையிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தையும் தாக்கியபோது, மரங்களும் கம்பங்களும் சாய்ந்து பல பகுதிகள் இருளில் மூழ்கின. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது மாநிலத்தின் பல மாவட்டங்களில் உயிர்ச் சேதத்தைத் தவிர்க்க மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்த நேர்ந்தது. அத்தகைய வேளையில் மின்தடை ஒரு பாதுகாப்பு நடவடிக்கையே ஆகும்.

முதல் சில நிமிடங்கள்

விளக்கு அணைந்ததும் அண்டை வீடுகளையும் தெரு விளக்குகளையும் நோக்க வேண்டும். அங்கு வெளிச்சம் இருந்தால் கோளாறு நம் வீட்டிலேயே இருக்கக்கூடும். மின்கசிவுத் தடுப்பி விழுந்திருந்தால், எல்லாக் கருவிகளின் இணைப்பையும் அகற்றிய பின் ஒருமுறை அதனை உயர்த்திப் பார்க்கலாம். மீண்டும் விழுந்தால், உரிமம் பெற்ற மின் கம்பியாளரை அழைப்பதே முறை. 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் அச்சிறு கருவியைச் செயலிழக்கச் செய்வது, வீட்டின் காவலனைத் தானே வெளியேற்றுவதற்கு ஒப்பாகும். நாட்டில் 2021ஆம் ஆண்டில் மட்டும் மின்சாரம் தாக்கி 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தெரு முழுவதும் இருண்டிருந்தால் 1912 என்ற எண்ணில் முறையிடலாம். மின்கட்டணச் சீட்டிலுள்ள 13 இலக்க நுகர்வோர் எண்ணைச் சொன்னால் இடத்தைக் கண்டறிவது எளிதாகும். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால், தெருவில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் நெருங்கலாகாது. அது எந்நொடியும் உயிர்பெறலாம். ஈரமான தரையில் அதன் மின்னழுத்தம் சில மீட்டர் தொலைவு வரை பரவும். ஆகவே பிறரையும் அணுகவிடாமல் தடுத்து, உடனே செய்தி தெரிவிக்க வேண்டும். வெள்ளநீர் சுவர்ச் சுவிட்சுகளை எட்டியிருந்தால், தேங்கிய நீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடுவதும் ஆபத்தானதே.

மாற்று மின்சாரமும் பிறர் உயிரும்

மின்தடையின் செலவைக் குடும்பங்கள் இன்வெர்ட்டராகவும், ஜெனரேட்டராகவும், கூரைச் சூரியத் தகடுகளாகவும் தம் பொறுப்பில் ஏற்று வருகின்றன. ஒருவர் தம் வசதிக்காகச் செய்யும் ஏற்பாட்டின் தீமை வேறொருவர் மீது விழுவதைப் பொருளியலார் புறவிளைவு என்பர். அதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டைக் காண்பது கடினம்.

ஜெனரேட்டரின் கம்பியை வீட்டுச் சுவிட்சில் செருகி இயக்குவோர் உண்டு. அப்போது மின்சாரம் மீட்டர் வழியே தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாய்கிறது. 11,000 வோல்ட்டை வீட்டு உபயோகத்துக்கான 230 வோல்ட்டாகக் குறைக்கும் அதே மின்மாற்றி, எதிர்த்திசையில் பாயும் மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடுகிறது. கம்பத்தின் உச்சியில் மழையில் நனைந்தவாறு பழுதுபார்க்கும் ஊழியர், தாம் தொடுவது இறந்த கம்பி என்றே எண்ணியிருப்பார். வேலை தொடங்குமுன் கம்பிகளைப் புவியோடு இணைக்க வேண்டும் என்ற விதி அவரைக் காப்பதற்காகவே உள்ளது. ஆயினும் அவருடைய உயிரை அந்த ஒரு விதியிடம் மட்டுமே ஒப்படைப்பது நியாயமாகாது. மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டர் இணைப்பும் ஒருபோதும் ஒன்றுசேராதவாறு செய்யும் மாற்றுச் சுவிட்சைத் தகுதியுள்ளவரைக் கொண்டு பொருத்துவது ஒவ்வொரு வீட்டாரின் கடமையாகும்.

கூரைச் சூரிய மின்சாரம் பற்றியும் ஒரு தெளிவு தேவை. மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, மின்தடை நேர்ந்ததும் வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் தானே நின்றுவிடும். இதனைப் பழுது எனக் கருதிச் சிலர் குறைகூறுவர். உண்மையில், மேற்சொன்ன ஊழியரின் உயிரைக் காப்பதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது.

மேலும், இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் எல்லாக் கம்பிகளும் இறந்துவிடுவதில்லை. இன்வெர்ட்டர் தருவதும் 230 வோல்ட்டே. பழுதுபார்க்குமுன் அதனையும் நிறுத்த வேண்டும். ஈய-அமில மின்கலம் மின்னேற்றம் பெறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அதற்குக் காற்றோட்டமான இடம் வேண்டும். அருகில் சுடர் கூடாது.

தீயும் புகையும்

இருளில் மெழுகுவர்த்தியைவிட மின்னேற்ற விளக்கே சிறந்தது. சுடரை ஏற்ற நேர்ந்தால், திரைச்சீலைக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில், உறுதியான தட்டின் மேல் வைக்க வேண்டும். உறங்குமுன் அணைக்க வேண்டும். ஆக்சிஜன் பயன்படுத்தும் நோயாளியின் அறையில் சுடர் அறவே ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத பகை கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு தலைவலியாகவும் மயக்கமாகவும் தொடங்கி மரணத்தில் முடியலாம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரோடு நெடிய மின்தடையும் நேர்ந்தபோது, குளிர்காய வீட்டுக்குள் கரி எரித்தும் ஜெனரேட்டரை இயக்கியும் நூற்றுக்கணக்கானோர் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டனர், பலர் இறந்தனர். நம் ஊரில் குளிர் இல்லை. எனினும் மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரை மூடிய வராந்தாவில் வைக்கும் வழக்கம் உண்டு. திறந்த வெளியில், சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, மழை படாத மறைப்பின் கீழ் அதனை வைப்பதே தகும். எண்ணெய் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது உயிருக்கே உலை வைக்கும்.

நீர், உணவு, மருந்து

கிணறு இல்லாத வீடு இந்நகரில் முன்பு அரிது. இன்று அக்கிணறுகளில் பலவற்றில் மோட்டார் மட்டுமே உண்டு. கப்பியும் கயிறும் இல்லை. அவற்றை மீண்டும் அமைத்துக்கொள்வது சிறு செலவில் பெரும் பயன் தரும். குழாய் நீர் நெடுநேரம் நின்று மீண்டும் வந்தால், காய்ச்சிப் பருகுவது நலம்.

கதவைத் திறவாதிருந்தால் குளிர்பதனப் பெட்டியின் குளிர் சுமார் 4 மணி நேரம் தங்கும். நிறைந்திருக்கும் உறைபெட்டி தனியாக இருப்பின் அது 48 மணி நேரம் வரை தாங்கக்கூடும். மீனும் தேங்காய் அரைத்த குழம்பும் இவ்வெப்பத்தில் விரைவில் கெடும். ஐயமிருப்பின் அவற்றை உண்ணலாகாது. இன்சுலின் புட்டியை ஈரத்துணி சுற்றிய மண்கலத்தில் வைப்பது உதவும். எனினும் கடலோரக் காற்றின் ஈரப்பதத்தால் வறண்ட ஊர்களில் கிடைக்கும் குளிர்ச்சி இங்குக் கிடைப்பதில்லை. பனிக்கட்டியோடு நேரே ஒட்டி வைத்தால் மருந்து உறைந்து பயனற்றுப் போகும். மின்சாரத்தால் இயங்கும் சுவாசக் கருவியை நம்பியிருப்போர், மாற்று உருளையையும் செல்ல வேண்டிய மருத்துவமனையையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மின்சாரம் திரும்பும்போது

மின்சாரம் திரும்பும் நொடியும் கவனத்துக்குரியது. எல்லா வீடுகளின் மோட்டார்களும் ஒருங்கே இயங்கினால் மின்மாற்றி சுமை தாங்காது மீண்டும் தடைபடும். மேலும், நியூட்ரல் கம்பி துண்டித்திருந்தால் 230 வோல்ட்டுக் கருவிகளுக்கு 400 வோல்ட்டு வரை பாயக்கூடும். ஆகவே தடை நேர்ந்ததுமே கருவிகளை அணைத்து, ஒரு விளக்கை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அது சீராக எரிவதைக் கண்டபின், ஐந்து நிமிடம் பொறுத்து ஒவ்வொன்றாக இயக்கலாம். தேய்ப்புப்பெட்டி, மின்னடுப்பு ஆகியவை இயங்கும் நிலையில் மறக்கப்படுவதால் நேரும் தீ விபத்தும் இதனால் தவிர்க்கப்படும்.

கம்பிகளைப் புதைவடமாக மாற்றுதல், மரக்கிளைகளைப் பருவத்துக்கு முன் வெட்டுதல், மின்மாற்றிகளின் திறனைப் பெருக்குதல் ஆகியவை அரசும் மின்வாரியமும் ஆற்ற வேண்டிய பணிகள். மாற்றுச் சுவிட்சும், மின்கசிவுத் தடுப்பியும், கிணற்றுக் கயிறும் குடும்பத்தின் பங்கு. இடவப்பாதி தொடங்குமுன் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கினால் இவற்றைச் சரிபார்த்துவிடலாம். அவ்வாறு செய்யும் வீடு தன்னைக் காத்துக்கொள்வதோடு, மழையிலும் காற்றிலும் கம்பமேறி நமக்கு ஒளியைத் திருப்பித் தரும் ஊழியர் பத்திரமாக இறங்கி வரவும் துணை செய்கிறது.