நோயாளியிடமே சாட்சி கேட்கலாமா?

நியூயார்க் மாநகரக் காவலர்களின் பேச்சில் ‘முக்கால்’ என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. பணியில் நேர்ந்த விபத்தால் உடல் முடங்கி வெளியேறுபவருக்குச் சம்பளத்தில் முக்கால் பங்கு ஓய்வூதியமாகக் கிடைக்கும். அதற்குக் கூட்டாட்சி வருமான வரியும் இல்லை. முடக்கத்துக்குப் பணி காரணமல்ல என்று முடிவானால், பத்தாண்டு பணி முடித்தவருக்கே பாதிதான். குண்டடி பட்டவருக்கு இந்தக் கணக்கில் குழப்பம் வருவதில்லை. காயம் எங்கே, எப்போது, யாரால் என்பதெல்லாம் அன்றைய பதிவேட்டிலேயே இருக்கும். நோயில் விழுந்தவருக்குத்தான் சிக்கல். நுரையீரலில் வளர்ந்த கட்டி தான் பிறந்த தேதியையும் தெருவையும் சொல்லாது. அப்படியிருக்க, ‘இது பணியால் வந்தது’ என்று காவலர் நிரூபிக்க வேண்டுமா, ‘பணியால் வரவில்லை’ என்று அரசு நிரூபிக்க வேண்டுமா? ஆபத்தான இடத்துக்கு ஆளை அனுப்பிய அரசுதான் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். ஏன் என்பதை, 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு நியூயார்க் பட்ட பாடு காட்டுகிறது.

இரட்டைக் கோபுரங்கள் சரிந்த இடத்தில் குவிந்த இடிபாடு சுமார் 18 லட்சம் டன். அதன் அடியில் டிசம்பர் வரை தீ கனன்றுகொண்டிருந்தது. சிமெண்ட், ஜிப்சம், கண்ணாடி இழை, கல்நார் எல்லாம் பொடியாகிக் கலந்த, காரம் மிகுந்த தூசு அது. சாதாரணக் காகித முகமூடியோடும் அதுவும் இல்லாமலும் காவலர்கள் அங்கே நின்றார்கள். இடிபாடு லாரி லாரியாக ஸ்டேட்டன் தீவின் ஃப்ரெஷ் கில்ஸ் குப்பைமேட்டுக்குப் போனது. அங்கேயும் காவலர்கள்தான் நின்றார்கள். கன்வேயர் பெல்ட்டில் ஓடிவந்த மண்ணையும் கம்பியையும் கிளறி, எலும்புத் துண்டு, மோதிரம், அடையாள அட்டை என்று இறந்தவர்களின் மிச்சத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். 2002 ஜூலை வரை நீண்ட வேலை அது. அந்தத் தாக்குதல் நாளில் உயிரிழந்த நியூயார்க் மாநகரக் காவலர்கள் 23 பேர். பின்னர் அந்தத் தூசு தொடர்பான நோய்களால் இறந்தவர்களின் எண்ணிக்கை அதைப் பல மடங்கு தாண்டிவிட்டது.

காரணத்தை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஜேம்ஸ் சட்ரோகாவின் மரணமே போதும். நியூயார்க் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்த அவர் இடிபாட்டில் 450 மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்தவர். மூச்சு முட்டத் தொடங்கி, 2006 ஜனவரியில், 34 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த நியூ ஜெர்சி மருத்துவர், மரணத்துக்கும் அந்தத் தூசுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்றார். 2007இல் நியூயார்க் நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் ஹிர்ஷ், நுரையீரலில் இருந்த துகள்கள் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றப்பட்ட மாத்திரைகளால் வந்தவை என்றார். குடும்பத்தினர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். மைக்கேல் பேடன் என்ற மூன்றாவது நிபுணர் குடும்பத்தின் பக்கம் நின்றார். ஒரே உடல், தேர்ந்த மருத்துவர்கள், ஒன்றுக்கொன்று எதிரான முடிவுகள். திசுவை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவர்களாலேயே ஒத்த முடிவுக்கு வர முடியாத விஷயத்தை, கீமோதெரபிக்கு நடுவே ஒரு காவலர் ஐயமறத் தனியே நிரூபிக்க வேண்டும் என்பது, தோற்பார் என்று தெரிந்தே அவரைப் பந்தயத்துக்கு அழைப்பது போன்றது.

இதை உணர்ந்துதான் நியூயார்க் மாநிலம் 2005இல் உலக வர்த்தக மைய இயலாமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட நோய் கண்டால் அது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் ஓய்வூதிய நிதிதான் தக்க சான்றோடு மறுக்க வேண்டும் என்றது அது. இதயநோய்க்கு இப்படிப்பட்ட சட்டம் அங்கே முன்பே இருந்தது. ஆனால் சட்டம் வந்த பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. சில காவலர்களின் புற்றுநோயைத் தூசோடு இணைக்கும் ஆதாரம் இல்லை என்று ஓய்வூதிய நிதி விண்ணப்பங்களைத் தள்ளியது. மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2012இல் அதை ஏற்கவில்லை. ஆதாரம் இல்லை என்பதையே ஆதாரமாகக் காட்டி மறுக்க முடியாது. காரணத்தை நிரூபிக்கும் சுமை காவலருடையதல்ல என்று தெளிவாகச் சொன்னது. இந்தத் தீர்ப்பின் அருமை, நிதியின் வாரியம் இயங்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். அதில் உள்ள 12 வாக்குகளில் 6 மாநகராட்சித் தரப்புக்கு, 6 காவலர் சங்கங்களுக்கு. சரிபாதியாகப் பிரிந்தால் காவலருக்கு முக்கால் இல்லை. ஐயம் வந்தால் நோயாளிக்கு எதிராகவே தராசு சாயும் அமைப்பு அது. சட்டத்தின் அனுமானம் அந்தச் சாய்வைத்தான் நேர் செய்கிறது.

புற்றுநோய் யாருக்கும் வரும், புகைபிடித்தவருக்கும் வரும், அதற்கெல்லாம் நகரம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். தூசுக்குத் தொடர்பே இல்லாத சிலரும் இந்தச் சட்டத்தால் பலன் பெறக்கூடும். ஆனால் இது கதவைத் திறந்துபோட்ட சட்டமல்ல. முதல் 48 மணி நேரத்துக்குள் களத்தில் நின்றிருக்க வேண்டும், அல்லது 2002 செப்டம்பர் 12க்குள் மொத்தம் 40 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். அதை உறுதிமொழியோடு எழுதித் தர வேண்டும். நோய் சட்டம் சொல்லும் வகையைச் சேர்ந்திருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் எதிர்ச் சான்று காட்ட நிதிக்கு உரிமை இருக்கிறது. எந்த முறையிலும் தவறு நடக்கும். அந்தத் தவறு யார் தலையில் விழ வேண்டும் என்பதே கேள்வி. தகுதியில்லாத ஒருவருக்குக் கூடுதலாகப் போகும் கால் பங்கை நகரம் தாங்கிக்கொள்ளும். தகுதியுள்ளவருக்கு மறுக்கப்படும் அதே கால் பங்கு, ஒரு வீட்டின் வாடகையையும் பிள்ளைகளின் படிப்பையும் சாய்த்துவிடும்.

மோசடியைச் சுட்டுபவர்களின் கையில் வலுவான உதாரணம் இருக்கிறது. 2014 ஜனவரியில் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் 106 பேர் மீது குற்றம் சாட்டினார். அவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற காவலர்களும் தீயணைப்பு வீரர்களும். வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாத மனநோய் என்று சொல்லி உதவித்தொகை வாங்கியவர், கடலில் ஜெட் ஸ்கீ ஓட்டும் படம் வெளியானபோது நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான், உண்மையான நோயாளிகளுக்கு அவர்கள் செய்த துரோகம் சிறிதல்ல. ஆனால் அது கூட்டாட்சி சமூகப் பாதுகாப்பு உதவித்தொகையில் நடந்தது. எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து வரவழைத்த மன உளைச்சல் கதைகளால் நடந்தது. நுரையீரல் திசுவையும் கட்டியையும் யாரும் ஒத்திகை பார்த்து வரவழைக்க முடியாது. திருடனைப் பிடிக்க விசாரணை வேண்டும், தண்டனை வேண்டும். நோயாளிகள் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அதற்கு வழியாகாது.

பணம் எங்கிருந்து வரும் என்பது கடைசி ஆட்சேபம். ஓய்வூதியத்தை மறுப்பதால் செலவு மறைவதில்லை. நகரத்தின் கணக்கிலிருந்து குடும்பத்தின் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஓய்வூதியத்திலிருந்து தனியான கூட்டாட்சி இழப்பீட்டு நிதியில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2019 பிப்ரவரியில் பணம் போதவில்லை என்று நிலுவை மனுக்களுக்குப் பாதியும், பின்னால் வந்தவற்றுக்கு 70 சதவீதமும் குறைப்பதாக அறிவித்தார்கள். நோய் தாமதமாக வந்தவருக்குத் தொகை குறைவு! அந்த ஜூனில் ஓய்வுபெற்ற துப்பறிவாளர் லூயிஸ் ஆல்வரெஸ், 69ஆவது கீமோதெரபிக்கு முந்தைய நாள், நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து சக ஊழியர்களுக்காகப் பேசினார். அதே மாதம் 29ஆம் தேதி இறந்தார். அடுத்த மாதமே நிதியை நிலைப்படுத்தும் சட்டம் கையெழுத்தானது. பணம் இருந்தது, தருவதற்கு மனம்தான் தாமதித்தது. மேலும், பின்விளைவின் செலவு தன் தலையில்தான் விழும் என்று தெரிந்த நிர்வாகம், அடுத்த முறை ஆளை அனுப்பும் முன் நல்ல முகமூடியைத் தேடும். ஒரு முகமூடியின் விலை, ஓர் ஆயுளுக்கான ஓய்வூதியத்துக்கு முன்னால் எம்மாத்திரம்?

2001 செப்டம்பர் 18 அன்று, கூட்டாட்சி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டி விட்மன், நியூயார்க்கின் காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று மக்களுக்கு உறுதியளித்தார். அப்படிச் சொல்லப் போதிய தரவு அப்போது கையில் இல்லை என்று, அந்த முகமையின் தலைமைத் தணிக்கை அலுவலரே 2003இல் அறிக்கை கொடுத்தார். ஆக, அனுமானம் என்பது காவலர்கள் கேட்டு வாங்கிய புதுச் சலுகையல்ல. ஆதாரம் வரும்வரை காத்திராமல் முதலில் அனுமானித்தது அரசு. அதற்குச் சான்று கேட்காமல் தூசுக்குள் போனவர்கள் காவலர்கள். அன்று அவர்கள் கொடுத்த நம்பிக்கையைத்தான் இன்று அந்த ‘முக்கால்’ வழியாக அரசு திருப்பித் தர வேண்டியிருக்கிறது.