மூன்று தொட்டிகள், முப்பது விதைகள்

தோட்டம் போட வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். "எங்கள் வீட்டில் இடம் இல்லையே" என்று சிலர் சொல்வீர்கள். வெயில் விழும் ஒரு ஜன்னல் ஓரமோ மாடிப்படியின் மூலையோ போதும். "எனக்கு எதுவும் தெரியாதே" என்றும் சிலர் சொல்லலாம். தெரியாமல் தொடங்குவதுதான் நல்லது. செடி வளர்ப்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட வளர்த்துத் தெரிந்துகொள்வது எளிது. அப்படிச் செய்யும்போது, உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள சில செய்திகள் உண்மைதானா என்று நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம்.

நாம் எடுத்துக்கொள்ளப் போவது தட்டைப்பயறு. சில ஊர்களில் இதைக் காராமணி என்பார்கள். மளிகைக் கடையில் கிடைக்கும். விரைவில் முளைக்கும், வெப்பத்தைத் தாங்கும், புதிதாகத் தொடங்குபவரை எளிதில் ஏமாற்றாது.

தேவையானவை

ஒரே அளவுள்ள மூன்று மண் தொட்டிகள் வேண்டும். தொட்டி இல்லாவிட்டால் பழைய டப்பாக்கள் போதும். அடியில் ஆணியால் நான்கைந்து துளைகள் போடுங்கள். துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் வெளியேறாது; நீர் மட்டும் வடியும். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு எரு ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். பயறு விளைந்த வயலிலிருந்து ஒரு கைப்பிடி மண் கிடைத்தால் அதையும் சேர்த்துக் கலக்குங்கள். ஏன் என்பது பின்னால் தெரியும்.

பூச்சி அரிக்காத முப்பது விதைகளைப் பொறுக்கி எடுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத் தராசில் அவற்றின் எடையைப் பார்த்து, முப்பதால் வகுத்து, ஒரு விதையின் சராசரி எடையைக் குறித்து வையுங்கள். தொட்டிக்குப் பத்து விதை வீதம் ஊன்றுங்கள். எவ்வளவு ஆழம்? விதையின் பருமனைப் போல இரண்டு, மூன்று மடங்கு. தட்டைப்பயறுக்கு 2 செ.மீ. சரியாக இருக்கும். மிக ஆழமாக ஊன்றினால் வித்திலையில் உள்ள உணவு முளை மேலே வருவதற்குள் தீர்ந்துவிடக்கூடும்.

ஒரே ஒரு மாற்றம்

மூன்று தொட்டிகளிலும் மண், விதை, விதைக்கும் நாள் ஆகிய எல்லாம் ஒன்றே. இனி ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் மாற்றப் போகிறோம்.

முதல் தொட்டியை வெயிலில் வையுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டாவிட்டால் மட்டும் நீர் ஊற்றுங்கள்.

இரண்டாம் தொட்டியையும் அவ்வாறே வளர்த்து வாருங்கள். எட்டாம் நாள் அதை ஒரு வாளிக்குள் வைத்து, மண் மட்டம் வரை வாளியில் நீர் நிரப்புங்கள். கொசு முட்டையிடாமல் இருக்க, வாரம் இரண்டு முறை அந்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீர் மாற்ற வேண்டும்.

மூன்றாம் தொட்டியை, வெளிச்சம் புகாத பெட்டியைக் கவிழ்த்து முதல் நாளிலிருந்தே மூடிவையுங்கள். நீர் ஊற்றுவதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொட்டியில் எந்த மாற்றமும் செய்யவில்லையே, அது எதற்கு என்று கேட்கிறீர்களா? மற்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். அது இல்லாவிட்டால், ஒரு செடி வாடியதற்கு நீர் காரணமா, மண் காரணமா, விதை காரணமா என்று சொல்லவே முடியாது.

எது நன்றாக வளர்ந்தது?

பத்தாம் நாள் முதல் தொட்டியையும் மூன்றாம் தொட்டியையும் அடிக்குச்சியால் அளந்து பாருங்கள். இருட்டில் இருந்த செடியே உயரமாக இருக்கும்! அப்படியானால் செடிக்கு இருட்டுத்தான் நல்லது என்று சொல்லிவிடலாமா?

பொறுங்கள். இருட்டுச் செடியின் தண்டு வெளுத்து மெலிந்திருக்கிறது. இலைகள் விரியாமல் மஞ்சளாக இருக்கின்றன. பதினான்காம் நாள், இரண்டு தொட்டிகளிலிருந்தும் ஐந்தைந்து செடிகளை வேரோடு எடுங்கள். பெரியது சிறியது என்று தேர்ந்தெடுக்காமல் வரிசையில் வருகிறபடி எடுங்கள். உதிர்ந்த வித்திலைகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் போகக் கழுவி, மொறுமொறுவென்று ஆகும்வரை வெயிலில் உலர்த்தி, எடை பாருங்கள்.

வெயிலில் வளர்ந்த ஐந்து செடிகள், ஐந்து விதைகளைவிடக் கூடுதலான எடை இருக்கும். இருட்டில் வளர்ந்தவையோ விதையின் எடையையும்விடக் குறைந்திருக்கும்! இரண்டு வாரம் "வளர்ந்து" எடை குறைந்தது எப்படி? ஒளி இல்லாததால் அது உணவு தயாரிக்கவில்லை. விதையில் இருந்த சேமிப்பைச் செலவழித்து, ஒளியைத் தேடி மேலே நீண்டிருக்கிறது. மண்ணுக்கு அடியில் முளைக்கும் விதைக்கு அந்த நீட்சி உதவும். பெட்டிக்குள் அது வீண். உயரத்தை மட்டும் அளந்திருந்தால் தவறான முடிவுக்கு வந்திருப்போம். எதை அளப்பது என்று தெரிந்துகொள்வதும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதிதான்.

ஹெல்மாண்ட் கண்டதும் காணாததும்

வெயில் செடிக்கு அந்தக் கூடுதல் எடை எங்கிருந்து வந்தது? "மண்ணிலிருந்து" என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். பிரஸ்ஸல்ஸ் நகரத்தவரான ஹெல்மாண்ட் இதைச் சோதித்தார். ஒரு தொட்டியில் 200 இராத்தல் உலர்ந்த மண்ணை நிரப்பி, 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். தூசி விழாதபடி துளையிட்ட தகட்டால் தொட்டியை மூடினார். நீரைத் தவிர வேறெதுவும் சேர்க்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மரத்தின் எடை ஏறத்தாழ 169 இராத்தல். மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்! அவர் மறைந்த பிறகு, 1648-இல் வெளியான நூலில் இந்தச் சோதனை இடம் பெற்றது.

மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு செய்தார். அதில் பாதிதான் உண்மை. இலைகளைச் சுற்றியிருந்த காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவரே. கரியை எரிக்கும்போது வரும் வாயுவைப் பற்றி எழுதியவரும் அவரே. அந்தக் கார்பன் டை ஆக்ஸைடுதான் மரமாக மாறிக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒளி தேவை என்பதை 1779-இல் இன்ஜென்ஹவுஸ் காட்டினார். செடியின் எடையைக் கூட்டுவதில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடுக்கும் நீருக்கும் பங்கு உண்டு என்பதை 1804-இல் சோசூர் அளந்து காட்டினார்.

நீரில் நின்றும் தாகம்

இப்போது வாளிக்குள் இருக்கும் தொட்டியைப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். செடி சோர்ந்து, வளர்ச்சி குன்றும். நீரில் நிற்கும் செடி ஏன் வாட வேண்டும்?

மண் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது. வேர்கள் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் செடி வாடியதும் மேலும் நீர் ஊற்றுவார்கள்; செடி அடியோடு அழுகிவிடும். நீர் இல்லாமல் சாகும் தொட்டிச் செடிகளைப் போலவே நீர் மிகுந்து சாகும் செடிகளும் உண்டு. அதனால்தான் அடியில் துளையும், ஊற்றுமுன் விரல் சோதனையும்.

வேரில் உள்ள சிறு தொழிற்சாலை

முதல் தொட்டியில் மீதமுள்ள செடிகளில் மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஐந்தாவது வாரம் அந்த மூன்றில் ஒன்றை மண்ணோடு பெயர்த்து, நீரில் ஊறவைத்து மெதுவாக அலசுங்கள். பலமாக இழுத்தால் பார்க்க வேண்டியது மண்ணிலேயே தங்கிவிடும். வேரில் கடுகைப் போன்ற முடிச்சுகள் தெரிகின்றனவா? ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் செடியால் அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. முடிச்சுக்குள் வாழும் ரைசோபிய வகைப் பாக்டீரியாக்கள் அதைச் செடிக்கு உதவும் பொருளாக மாற்றித் தருகின்றன. பதிலுக்குச் செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருளே அந்தச் சிவப்பு நிறத்துக்குக் காரணம். வயல் மண் ஒரு கைப்பிடி சேர்த்தது இந்தப் பாக்டீரியாக்களுக்காகத்தான். அறுவடைக்குப் பின் பயற்றுச் செடியின் வேரை நிலத்திலேயே விட்டு உழும் உழவரின் வழக்கத்துக்கும் பொருள் இப்போது புரிந்திருக்கும்.

தொடர்ந்து செய்யுங்கள்

மீதமுள்ள இரண்டு செடிகளையும் வளரவிடுங்கள். கொழுந்தில் கறுப்பு அசுவினிகள் மொய்க்கலாம். அவற்றின் இனிப்புக் கழிவைத் தேடி எறும்புகளும் வரும். உடனே மருந்தைத் தேடி ஓடாதீர்கள். விரலால் வழித்து, நீரால் கழுவுங்கள். பொறிவண்டு வந்தால் விரட்ட வேண்டாம். அது அசுவினிகளைத் தின்னும். பூக்கள் காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்வதைப் பார்க்க விரும்பினால் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். முற்றி உலர்ந்த காய்களிலிருந்து சில விதைகளை எடுத்து வையுங்கள். அடுத்த சோதனைக்கு அவை உதவும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், உயரம், இலைகளின் எண்ணிக்கை, நீர் ஊற்றிய அளவு ஆகியவற்றைத் தவறாமல் குறித்து வாருங்கள். எதிர்பார்த்தது நடக்காவிட்டாலும் நடந்ததையே எழுதுங்கள். அடுத்து என்ன சோதிக்கலாம்? ஒரே தொட்டியில் இருபது செடிகள் நெருங்கி வளர்ந்தால் என்ன ஆகும்? எரு சேர்க்காத மண்ணில் வேர்முடிச்சுகள் கூடுமா, குறையுமா? கேள்வி எதுவானாலும் இரண்டை மறக்க வேண்டாம்: மாற்றுவது ஒன்றாக இருக்கட்டும், ஒப்பிட ஒரு தொட்டி எப்போதும் இருக்கட்டும். விடையைச் செடி சொல்லும்.