வைக்கோல் பெட்டியில் வேகும் கௌபி

2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதை நாவற்குடாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவானது. வயலை விட்டு இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு விறகும் காசுதான். வாவியோரக் கண்டலை வெட்டினாலோ மீனும் இறாலும் பெருக இடமில்லாமற் போகும்.

மெல்ல வேகவைக்கும் மின்சாரச் சட்டி கடைகளில் விற்கிறார்கள். அதன் வேலையை வைக்கோலே செய்யும். உலக யுத்த காலங்களில் ஐரோப்பியத் தாய்மார் இப்படித்தான் எரிபொருளை மிச்சம்பிடித்தார்கள். கொதித்த பானையின் சூடு வெளியேறாவிட்டால் உணவு தானாகவே வேகும்.

பெரிய கடகமோ மரப்பெட்டியோ போதும். அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் கனத்துக்குக் காய்ந்த வைக்கோலை இறுக்கி, நடுவில் பானைக்குக் குழி விடுங்கள். மேலே மூட, உமி நிரப்பிய சாக்குத் தலையணை.

கௌபியில் தொடங்குங்கள்; அதுவும் விறகு தின்னும். இரவே ஊறவைத்து, காலையில் மூடியுடன் கால்மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, திறக்காமல் பெட்டியில் இறக்குங்கள். பானை முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும்; கொஞ்சமாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். அடியில் தணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தே வையுங்கள். ஓலைக் குடிசையில் ஒரு பொறி போதும்.

மூன்று மணித்தியாலத்தில் எடுக்கலாம். ஞாயிறு பூசைக்கு முன் வைத்தால், பிரசங்கம் நீண்டாலும் அடிப்பிடிக்காது. நாலு மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள். இளஞ்சூட்டில் கிருமி பெருகும். எடுத்ததும் ஒருதரம் கொதிக்கவைத்தே பரிமாறுங்கள். தேங்காய்ப்பாலை அப்போது சேர்க்கலாம். இறைச்சியும் மீனும் இம்முறைக்கு வேண்டாம்.