பூத்த மரங்களின் ஓவியர்

பெங்களூருச் சாலைகளில் பருவத்திற்கொரு நிறம் பூப்பது தற்செயலன்று. 1908இல் இங்கு வந்த ஜெர்மானியத் தாவரவியலர் குஸ்தாவ் கிரும்பிகல், ஒரு மரத்தின் பூ உதிரும்போது மற்றொன்று பூக்குமாறு மரவகைகளைத் தேர்ந்து நடச் செய்தார். மார்ச்சில் ஜக்கரந்தாவின் ஊதா. ஏப்ரல், மே மாதங்களில் குல்மொஹரின் சிவப்பு.

அந்நகரம் நிழல் நிறைந்து நின்ற காலத்தில் அதன் மரங்களைத் தீட்டியவர் ருமாலே சென்னபசவய்யா (1910–1988). விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். ‘தாயிநாடு’ என்னும் கன்னட நாளிதழின் ஆசிரியராகவும் விளங்கியவர். பின்னர் அரசியலைத் துறந்து தூரிகையை ஏந்தினார். பூத்த மரத்தின் எதிரே அமர்ந்தே வரைந்தார். ஆதலின், எங்கு எம்மரம் எவ்வண்ணம் நின்றது என்பதற்கு அவருடைய ஓவியங்கள் சான்றாகின்றன. நம் தொழில்மொழியில் கூறின், வரவுப் பக்கம் மட்டும் எழுதப்பட்ட பேரேடு. செலவுப் பக்கத்தைச் சாலை விரிவாக்கங்கள் எழுதின.

2016இல் ஹெப்பாள் செல்லும் எஃகு மேம்பாலத்திற்காக 812 மரங்கள் வெட்டப்பட இருந்தன. மக்கள் கைகோத்துச் சாலையில் நின்றனர். 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. வெட்டும் மரத்திற்கு ஈடாகக் கன்றுகள் நடலாம் என்பர். நாம் அதனை ஐயத்துடனேயே நோக்குகிறோம்: கிரும்பிகல் காலத்துக் கன்றுகள் ருமாலேயின் ஓவியத்திற்குரிய மரங்களாகப் பல பத்தாண்டுகள் ஆயின. அம்முதிர்வுக் காலத்தை எவராலும் குறைக்க இயலாது.

ருமாலேயின் ஓவியங்கள் ராஜாஜி நகரில் அவர் பெயரிலுள்ள கலை இல்லத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கோடையில் காணச் செல்வோர், வழியில் பூத்திருக்கும் குல்மொஹரைச் சற்று நின்று பார்த்துவிட்டுச் செல்லலாம்.