வெறுந்தாங்கியின் அபாயம்

நிறைந்த எண்ணெய்த் தாங்கியே அஞ்சத்தக்கது, வெறுந்தாங்கியால் தீங்கில்லை எனப் பலர் கருதுவர். விமானத்தைப் பொறுத்தமட்டில் உண்மை இதற்கு மாறானது. எரிவது திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவியேயாம். நிறைந்த தாங்கியில் ஆவியும் வளியும் கலத்தற்கு இடமில்லை. வெறுமையான தாங்கியிலோ, அடியிற் கிடக்கும் சிறிதளவு எண்ணெய் சூடேறி ஆவியாகி வளியொடு கலக்குமாயின், நுண்ணிய தீப்பொறி ஒன்றே அதனை வெடிக்கச் செய்யப் போதுமானது.

1996ஆம் ஆண்டு யூலை 17ஆந் திகதி, நியூ யோர்க்கிலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட ரி. டபிள்யூ. ஏ. நிறுவனத்தின் போயிங் 747 விமானம், சில நிமிடங்களுள் லோங் ஐலன்ட் கரைக்கப்பால் வானிலே வெடித்துச் சிதறிற்று. அதிலிருந்த 230 பேரும் மாண்டனர். வெடித்தது இரு சிறகுகளுக்கும் நடுவேயுள்ள தாங்கி. அன்று அது பெரும்பாலும் வெறுமையாயிருந்தது. அதன் கீழ் இயங்கிய குளிரூட்டும் இயந்திரங்களின் வெப்பம் எஞ்சிய எண்ணெயை ஆவியாக்கிற்று. தீப்பொறியின் தோற்றுவாயை ஐயமற நிறுவ இயலவில்லை. தாங்கிக்கு வெளியே மின்கம்பிகளில் உண்டான குறுஞ்சுற்றினால், எண்ணெயளவு காட்டும் கம்பிகள் வழியே மிகை மின்னழுத்தம் உட்புகுந்திருத்தல் கூடுமென அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று.

அதுகாறும் விமான விதிகள் தீப்பொறியை விலக்குதல் ஒன்றையே நம்பியிருந்தன. 1963ஆம் ஆண்டு மேரிலாந்தில் மின்னல் தாக்கிய பான் அமெரிக்கன் விமானத்தின் தாங்கி வெடித்து 81 பேர் இறந்தபின், மின்னற் காப்பு வலுப்படுத்தப்பட்டது. 2001ஆம் ஆண்டில், கம்பிகள், பம்பிகள் முதலிய யாவற்றையும் மீளாராய்ந்து, தீப்பொறிக்கான ஏதுக்களை நீக்குமாறு விமான உற்பத்தியாளர் பணிக்கப்பட்டனர். எனினும், ஏதுக்கள் அனைத்தையும் முன்னறிதல் மனிதரால் ஆகுமோ?

ஆதலின் இரண்டாவது வேலியொன்று வேண்டியதாயிற்று. வளியில் 21 சதவீதம் ஒட்சிசன் உண்டு. தாங்கியினுள் அதனைக் குறைத்துவிட்டால் தீப்பொறி தோன்றினும் ஆவி எரியாது. போர்விமானங்களுக்குக் கொள்ளப்பட்ட எல்லை 9 சதவீதம். அதற்குரிய சாதனங்கள் பயணி விமானங்களுக்குப் பெருஞ்சுமையும் செலவுமாகும் எனப்பட்டது. 12 சதவீதமே போதுமெனச் சோதனைகள் காட்டியதும் வழி திறந்தது. எஞ்சினிலிருந்து பெறும் வளியை நுண்குழல் இழைகளினூடே செலுத்த, ஒட்சிசன் பிரிந்து வெளியேறும். நைதரசன் மிகுந்த வளி தாங்கியை நிரப்பும். எளிதில் தீப்பற்றத்தக்க தாங்கிகளையுடைய பெரிய பயணி விமானங்களுக்கு இத்தகைய காப்பினை 2008ஆம் ஆண்டில் அமெரிக்க விதி கட்டாயமாக்கிற்று. விபத்துக்கும் விதிக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இவ்வேலி வந்தமையால் முன்னையதைக் கைவிடலாகாது. நைதரசன் சாதனமும் ஒருநாட் பழுதுறும். அந்நாளில் பயணியைக் காப்பது செவ்வனே பேணப்பட்ட மின்கம்பியே. அக்கம்பி முதுமையால் நைந்த நாளிற் காப்பது நைதரசன். இரண்டும் ஒருங்கே தவறாதபடி காத்தலே விதியின் பயன்.