பாய்க்கலத்தின் விரைவும் கடல்தாங்கும் தகுதியும்

சங்க நூல்களையும் நிகண்டுகளையும் பயில்வோர் மரக்கலத்தைக் குறிக்கும் சொற்கள் பலவற்றைக் காண்பர். வங்கம், நாவாய், திமில், தோணி முதலியவற்றை நிகண்டுகள் பெரும்பாலும் ஒரு பொதுத்தலைப்பின்கீழ்த் தொகுத்துரைக்கும். இவற்றுள் கரையோரத்திற்கு உரியது எது, பெருங்கடல் கடத்தற்கு ஏற்றது எது என ஆராயப் புகுவோர், கலத்தின் பருமையையோ விரைவையோ கொண்டு முடிவு கூற முற்படுதல் இயல்பே. அம்முடிவு எத்துணைப் பொருந்தும் என்பதை அறிய, பாய்க்கலத்தின் தகுதியை இக்காலக் கப்பல் நூலார் அளந்தறியும் முறையை முதற்கண் தெரிந்துகொள்ளல் வேண்டும். அதனைச் சுருக்கமாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. விரைவு

நீரைக் கிழித்துச் செல்லும் கலம் தன் முன்புறத்தே ஓர் அலையையும் பின்புறத்தே ஓர் அலையையும் எழுப்புகின்றது. விரைவு மிகுந்தோறும் அலையின் நீளமும் மிகும். அலைநீளம் கலத்தின் நீர்க்கோட்டு நீளத்தை ஒத்தவழி, கலம் தான் எழுப்பிய அலைக்குள்ளேயே சிக்குண்டு நிற்கும். அதற்குமேல் விரைதல் கனத்த கலத்திற்கு அரிது. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்க இவ்வெல்லை பெறப்படும். 24 அடி நீர்க்கோடு உடைய கலத்திற்கு அது மணிக்கு ஏறத்தாழ 6.6 கடல்மைல் ஆகும்.

எடைக்கும் நீளத்திற்கும் உள்ள விகிதம் அடுத்து நோக்கத்தக்கது. எடையைப் பிரித்தானிய டன்னில் கொண்டு, நீர்க்கோட்டு நீளத்தின் நூற்றிலொரு பங்கைக் கனமாக்கி வகுக்க வரும் எண் 200க்குக் குறையின் கலம் இலேசானது. 300க்கு மிகின் கனத்தது. இலேசான கலம் பின்காற்றில் மேற்கூறிய எல்லையைக் கடந்து, அலைமீது சறுக்கி ஓடவும் வல்லது. பாயின் பரப்பை எடையோடு ஒப்பிடும் விகிதமும் உண்டு. நெடுஞ்செலவுக் கலங்களுக்கு அது பெரும்பாலும் 15 முதல் 18 வரை அமையும். இவ்வளவைகள் எல்லாம் கலம் எத்துணை விரைந்து செல்லும் என்பதையே கூறும். புயலில் அது நிலைக்குமா என்னும் வினாவிற்கு இவற்றில் விடையில்லை.

2. கவிழாமை

இவ்வினாவின் அருமையை உலகிற்கு உணர்த்தியது 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்த பாஸ்ட்நெட் பந்தயம். இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து அயர்லாந்தின் தென்மேற்கே உள்ள பாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி மீளும் இப்பந்தயத்தில் 303 கலங்கள் புறப்பட்டன. இடையே எழுந்த கடும்புயலில் பந்தயக் கலத்தோர் 15 பேர் உயிரிழந்தனர். 24 கலங்கள் கைவிடப்பட்டன. அவற்றுள் 5 மூழ்கின.

இதன்பின் நிகழ்ந்த ஆராய்ச்சியின் பயனாக எளியதோர் அளவை வகுக்கப்பட்டது. கலத்தின் எடையைப் பவுண்டில் கொண்டு, ஒரு கன அடிக் கடல்நீரின் எடையாகிய 64ஆல் வகுத்து, அதன் கனமூலத்தைக் காண்க. கலத்தின் மீப்பெரு அகலத்தை அடியில் கொண்டு அம்மூலத்தால் வகுக்க, வரும் எண் 2க்கு மேற்படாதிருத்தல் வேண்டும். அகலம் மிக்குக் கனம் குறைந்த கலத்தைப் பேரலை எளிதிற் புரட்டும் என்பதே இதன் அடிப்படை.

சான்றாகக் கொண்டெஸ்ஸா 32 என்னும் கலத்தை நோக்குவோம். இதன் நீர்க்கோடு 24 அடி, அகலம் 9.5 அடி, எடை 9,500 பவுண்டு, அடிப்பாரம் 4,500 பவுண்டு. கவிழ்வளவை 1.79 எனவும், எடைநீள விகிதம் 307 எனவும் வரும். எனவே இது கனத்ததும் ஒடுங்கியதும் ஆகும். அப்பந்தயத்தின் மிகச்சிறிய வகுப்பில் செலவை முடித்தது ஒரே கலம். அது இவ்வினத்தைச் சேர்ந்த அசெண்ட் என்பதே.

ஆயின் இவ்வளவையில் பெரியதொரு குறையுண்டு. நீளம், அகலம், எடை மூன்றும் ஒத்த இரு கலங்களுள், ஒன்றன் ஈயத்தை ஏரா எனப்படும் அடிமரத்தின் கீழும், மற்றொன்றன் ஈயத்தைப் பாய்மரத்தின் உச்சியிலும் வைத்தாலும் இது ஒரே எண்ணைத்தான் தரும். முன்னையது நிமிர்ந்து நிற்கும். பின்னையதோ துறையிலேயே கவிழும். எடை எவ்விடத்து அமைந்தது என்பதை இவ்வளவை வினவுவதே இல்லை.

3. மீளும் ஆற்றல்

இக்குறையை நீக்குவது மீளாச் சாய்வுக் கோணம். சாய்ந்த கலம் எக்கோணம் வரை தானே நிமிரும் என்பதை இது காட்டும். கொண்டெஸ்ஸா 32க்கு இது ஏறத்தாழ 156 பாகை. அப்பந்தயத்தில் தலைகீழாகப் புரண்ட கிரிமால்கின் என்னும் பந்தயக் கலத்திற்கு ஏறத்தாழ 117 பாகை. முழுதும் புரண்ட நிலை 180 பாகை ஆகலின், முன்னையதை மீட்க அடுத்த அலை 24 பாகை திருப்பினாற் போதும். பின்னையதை 63 பாகை திருப்புதல் வேண்டும். அதற்குள் கழியும் நேரமே உயிரின் எல்லையாகும்.

4. எண்ணில் அடங்காதவை

பாஸ்ட்நெட்டில் கைவிடப்பட்ட 24 கலங்களுள் 19 பின்னர் மிதந்தவாறே மீட்கப்பட்டன. அவற்றை நீத்து உயிர்காப்பு மிதவைகளில் ஏறியோருள் சிலர் மாண்டனர். கலம் தாங்கியும் மாந்தர் தாங்காமை இதனாற் புலனாகும். ஆகவே குலுக்கத்தின் அளவு, படுக்கையின் அமைதி, உள்ளே பற்றிக்கொள்ளும் பிடிகள், நீர் புகாத கதவு என்பனவும் தகுதியின் கூறுகளே. அப்புயலில் சில கலங்களின் சுக்கான் முறிந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. உறுப்பின் வலிமையை எவ்விகிதமும் காட்டாது.

விரைவு குறைந்தும் கடல் வென்ற கலத்திற்குச் சுகைலி சான்று. பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பெற்ற இச்சிறு கலத்தில், ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968–69இல் தனியராய், எங்கும் நில்லாது 312 நாளில் உலகை வலம்வந்தார். கடந்த தொலைவு ஏறத்தாழ 30,000 கடல்மைல். ஆதலின் சராசரி விரைவு மணிக்கு 4 கடல்மைல் அளவினதே. அப்போட்டியிற் புறப்பட்ட ஒன்பதின்மருள் செலவை முடித்தவர் இவர் ஒருவரே.

இதுகாறும் கூறியவற்றால், விரைவும் கடல்தாங்கும் தகுதியும் வெவ்வேறு காரணங்களாற் பிறப்பன என்பதும், ஓர் எண்ணைக் கொண்டு கலத்தை மதித்தல் பிழைபடும் என்பதும் பெறப்படும். நூல்களிற் பயிலும் கலப்பெயர்களை ஆராய்வோர்க்கும் இஃது ஓர் எச்சரிக்கையாகும். 'பெரிய கலம்', 'விரைந்து செல்லும் கலம்' என்னும் பொருளுடைய அடைமொழி ஒன்றைக் கண்ட அளவில் அதனைப் பெருங்கடற்கு உரியதெனத் துணிதல் கூடாது. அக்கலத்தின் பாரம் எங்கே இருந்தது, அதன் சுக்கான் எத்தகையது, அதிற் சென்றோர் எத்துணை நாள் கடலில் தங்கினர் என்பனவற்றிற்குச் சான்று தேடிய பின்னரே துணிதல் முறையாகும்.