மாட்டுக் கொட்டகையில் ஒரு கிரகம்

படக் கம்பெனி என்றதும் பெரிய கேட், காவல்காரர், வரிசையாகக் கார்கள் எல்லாம் உங்கள் மனக்கண்ணில் தோன்றும். இங்கிலாந்தில் கான்டர்பரி நகருக்கு அடுத்த ப்ளீன் கிராமத்தில் இருந்த 'ஸ்மால்ஃபில்ம்ஸ்' கம்பெனியில் அதெல்லாம் கிடையாது. ஒரு பண்ணை வீடு. பக்கத்தில் பழைய மாட்டுக் கொட்டகை. அதுதான் ஸ்டூடியோ! முதலாளி, தொழிலாளி எல்லாம் இரண்டே பேர். ஆலிவர் போஸ்ட்கேட் கதை எழுதிக் காமிராவை இயக்கிக் குரலும் கொடுப்பார்; பீட்டர் ஃபர்மின் சித்திரம் வரைந்து பொம்மை செய்வார்.

1958-ல் போஸ்ட்கேட் ஒரு சுண்டெலிக் கதையை டெலிவிஷனில் காந்தத்தால் ஆட்டி வைத்தார். மேஜை மேல் அட்டைச் சித்திரம், அடியில் காந்தம். காந்தம் பிசகினால் எலி சண்டித்தனம் பண்ணும். நேரடி ஒளிபரப்பாயிற்றே, மறைக்க முடியுமா? அலுத்துப்போன மனிதர் ஒரு பழைய 16 மில்லி மீட்டர் காமிராவை வாங்கினார். சித்திரத்தை இம்மியளவு நகர்த்த வேண்டியது, ஒரு படம் எடுக்க வேண்டியது, மறுபடி நகர்த்த வேண்டியது. இந்த ரீதியில் 1959-ல் பிறந்தது 'ஐவர்' என்ற ரயில் எஞ்சின். கோஷ்டியில் சேர்ந்து பாட ஆசைப்படும் எஞ்சின் அது! அது விடும் புகைச் சத்தம், போஸ்ட்கேட் வாயாலேயே எழுப்பியதுதான்.

சந்திரனில் மனிதன் கால் வைத்த 1969-ம் ஆண்டிலேயே 'கிளாங்கர்' என்ற பிராணிகள் வந்தன. தொலைதூரத்தில் ஒரு சின்னக் கிரகத்தில் வசிக்கும் எலி மூக்குக் குடும்பம். கம்பளி நூலால் அவற்றைப் பின்னிக் கொடுத்தவர் ஃபர்மினின் மனைவி ஜோன். அவை விசிலால்தான் பேசும். ஆனாலும் போஸ்ட்கேட் ஒவ்வொரு வசனத்தையும் இங்கிலீஷில் எழுதி, அதே ஏற்ற இறக்கத்தோடு ஊதச் செய்தார். ஓரிடத்தில் கதவு திறக்கவில்லை; கிளாங்கர் ஒன்று கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறது. பி.பி.சி. அதிகாரிகள் பதறிவிட்டார்களாம். "வெறும் விசில்தானே!" என்றால், "ஜனங்களுக்குப் புரிந்துவிடுமே!" என்றார்களாம். இது போஸ்ட்கேட்டே சொன்ன கதை.

1974-ல் வந்த 'பாக்பஸ்' பூனை இன்னும் வேடிக்கை. செம்மஞ்சள் நிறத்தில் துணி கேட்டிருந்தார்கள். சாயம் போட்ட இடத்தில் ஏதோ தவறு நேர்ந்து ரோஜா நிறத்தில் வந்து சேர்ந்தது. போகட்டும் என்று அதிலேயே பூனையைத் தைத்துவிட்டார்கள். மொத்தம் 13 கதைகள்தான்.

1980-களில் காலம் மாறிற்று. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கே பெரிதாயிற்று. உங்கள் படங்களில் விறுவிறுப்புப் போதாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள் என போஸ்ட்கேட் பிற்பாடு மனக்கசப்போடு எழுதினார். குழந்தைக்கு நிதானமாகக் கதை சொல்வது குற்றமா? 1999-ல் பி.பி.சி. ஓட்டெடுப்பு நடத்தியது. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் எது ரொம்பப் பிடித்தது என்ற கேள்விக்கு முதலிடம் பெற்றது அந்த ரோஜா நிறப் பூனைதான்!

போஸ்ட்கேட் 2008-ல் காலமானார். 2015-ல் கிளாங்கர்கள் மீண்டும் வந்தார்கள். போஸ்ட்கேட்டின் மகன் கதை எழுதினார். ஃபர்மின் ஆலோசனை சொன்னார். ஃபர்மினும் 2018-ல் மறைந்தார். புதுப் படத்திலும் கிளாங்கர்கள் பேசுவது விசில்தான்.